தச்சர் 15 நாள் தாமதித்தால்: திட்ட மென்பொருள்களை எதை வைத்து ஒப்பிடுவது?

வீடு ஒன்று பாதியில் நிற்கிறது. சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. இனி சென்டரிங் அடித்துக் கம்பி கட்ட 8 நாள், தளம் போட 1 நாள், முட்டுப் பிரிக்கும்வரை 14 நாள் காத்திருப்பு, உள்பூச்சு 12 நாள், தரைக்கு டைல்ஸ் 6 நாள், பெயின்ட் 8 நாள். கூட்டினால் 49. இன்னொரு பக்கம் தச்சர் தன் பட்டறையில் கதவும் ஜன்னலும் செய்துகொண்டிருக்கிறார். இன்றிலிருந்து 25 நாள் கேட்டிருக்கிறார். பூச்சு முடிந்த சுவரில்தான் அவற்றை மாட்ட முடியும், அதற்கு 3 நாள். மாட்டிய பிறகே பெயின்டர் உள்ளே வருவார்.

தச்சரிடமிருந்து போன் வருகிறது: "25 நாள்ல முடியாதுங்க, மரம் இன்னும் வரலை. 40 நாள் ஆயிடும்."

வீடு எத்தனை நாள் தள்ளிப்போகும்? பதறுகிறவர் 15 நாள் என்பார். பதறாதவர், "பூச்சு வேலையே இன்னும் ஆரம்பிக்கல, அதனால ஒண்ணும் ஆகாது" என்பார். இரண்டும் தப்பு. பூச்சு 35ஆம் நாள் முடியும், டைல்ஸ் 41ஆம் நாள் முடியும். பெயின்டருக்கு 41ஆம் நாளுக்கு முன் எப்படியும் வேலை இல்லை. எனவே ஜன்னல் மாட்டும் வேலை 38ஆம் நாள் முடிந்ததும் தொடங்கினால்கூடப் போதும். 25 நாளில் முடிப்பதாகச் சொன்ன தச்சருக்கு 13 நாள் சாவகாசம் இருந்திருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டது 15. வீடு தள்ளிப்போவது 2 நாள்.

திட்ட மேலாண்மை மென்பொருள்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு பெரிய அட்டவணையில் போய் முடியும். கேன்ட் சார்ட் உண்டா, மொபைல் ஆப் உண்டா, எத்தனை பேருக்கு இலவசம் என்று வரிசையாக டிக் போட்டிருப்பார்கள். எல்லாப் பெயருக்கும் எதிரே ஏறக்குறைய எல்லா டிக்கும் இருக்கும். படித்து முடித்தால் குழப்பம் கூடியிருக்கும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தச்சரின் போன் வந்த பிறகு, 25ஐ 40 என்று மாற்றினால், அந்த மென்பொருள் தானாகவே "2 நாள்" என்று சொல்லுமா? சொல்பவை ஒரு குடும்பம், சொல்லாதவை இன்னொரு குடும்பம். சொல்லாதவை மட்டம் என்று அர்த்தமில்லை. அவை வேறு ஒரு கேள்விக்காகப் பிறந்தவை.

கணக்குப் போடும் குடும்பம்

வேலைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் பழக்கம் கணினிக்கு வெகு முந்தியது. போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி 1896லேயே அப்படி ஒரு படத்தை உருவாக்கினார். போலிஷ் மொழியில் எழுதியதால் அது மேற்கில் பரவவில்லை. 1910களில் அமெரிக்காவில் ஹென்றி கேன்ட் பரப்பிய படத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது. சைட்டில் அதை யாரும் கேன்ட் சார்ட் என்று சொல்லிக் கேட்டதில்லை, "பார் சார்ட்"தான். அதில் தச்சருக்கு ஒரு பட்டை இருக்கும், ஜன்னல் மாட்டுவதற்கு ஒரு பட்டை இருக்கும். முதல் பட்டை நீண்டால் இரண்டாவது ஏன் நகர வேண்டும் என்பது படத்தில் இருக்காது. அது வரைந்தவர் மண்டைக்குள் இருக்கும்; அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

அந்த "ஏன்" என்பதைக் கணக்குக்குள் கொண்டுவந்தது 1950களின் பிற்பகுதி. டூபான்ட் நிறுவனத்துக்கு ரசாயன ஆலைகளைக் கட்டுவதிலும், பராமரிப்புக்காக மூடித் திறப்பதிலும் நாள்கள் வீணாகிக்கொண்டிருந்தன. அங்கிருந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் கணிதவியலாளர் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, யூனிவாக் கணினியில் ஓடும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். எந்த வேலை முடிந்தால் எது தொடங்கலாம் என்று கோத்துக்கொண்டே போனால், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பல பாதைகள் கிடைக்கும். அவற்றில் மிக நீளமானதுதான் திட்டத்தின் காலம். அதுவே கிரிட்டிக்கல் பாத். நம் வீட்டில் சென்டரிங், தளம், காத்திருப்பு, பூச்சு, டைல்ஸ், பெயின்ட் என்று போகும் 49 நாள் பாதை. தச்சர் அந்தப் பாதையில் இல்லை. ஆனால் 40 நாள் கேட்டதும் பாதை அவர் வழியாகத் திரும்பிவிடுகிறது: 40, 3, 8, மொத்தம் 51. இது நிறையப் பேருக்குப் புலப்படாத விஷயம். கிரிட்டிக்கல் பாத் என்பது ஒருமுறை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் எழுதி வைப்பதல்ல. ஒவ்வொரு வாரமும் அது இடம் மாறலாம்.

ஏறக்குறைய அதே நேரத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. ஆலை கட்டிப் பழகியவர்களுக்கு எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று தெரியும். ஏவுகணையை முதல்முறை செய்பவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு வேலைக்கு மூன்று காலம் கேட்டார்கள்: எல்லாம் கூடிவந்தால், வழக்கம்போல் நடந்தால், எல்லாம் கெட்டுப்போனால். நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். நம் தச்சரிடம் இதைக் கேட்டிருந்தால் 20, 25, 48 என்று சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 28. அவர் வாய்விட்டுச் சொன்ன 25ஐ விட இந்த 28தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கணினி நேரம் தங்க விலை விற்ற காலம் அது. 1961இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ஃபாண்டல், கணினியே இல்லாமல் காகிதத்தில் போடக்கூடிய வழி ஒன்றை எழுதினார். வேலைக்கு ஒரு பெட்டி, பெட்டிகளுக்கு இடையே கோடு. இன்றைய மென்பொருள்கள் உள்ளே வைத்திருப்பது அந்தப் பெட்டியும் கோடும்தான். கணினி வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு கணினிக்கே மிகப் பொருத்தமாகப் போனது வேடிக்கை.

மேசைக் கணினிகள் வந்ததும் இந்தக் கணக்கு அலுவலக மேசைக்கு இறங்கியது. 1983இல் ஜோயல் காப்பல்மனும் டிக் ஃபாரிஸும் பிரிமவேரா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1984இல் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் டாஸ் பதிப்பாக வந்தது. விண்டோஸுக்கு வந்தது 1990இல். பிரிமவேராவை 2008இல் ஆரக்கிள் வாங்கியது. இங்கிலாந்தின் கட்டுமான நிறுவனங்களில் ஆஸ்டா பவர்ப்ராஜெக்டுக்கும் நல்ல இடம் உண்டு. ஆனால் சென்னையிலிருந்து தோஹா வரை பிளானிங் இன்ஜினியர் வேலைக்குப் போகிறவரிடம் கேட்பது இரண்டைத்தான்: எம்எஸ்பி (மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்) தெரியுமா, பி6 (பிரிமவேராவின் மென்பொருள்) தெரியுமா.

எம்எஸ்பியும் பி6உம்

இரண்டும் போடும் கணக்கு ஒன்றுதான். நம் வீட்டை இரண்டிலும் சரியாக ஏற்றினால் இரண்டும் 51 என்றே சொல்லும். வித்தியாசம், நாம் தப்பாக ஏற்றும்போது அவை நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

எம்எஸ்பி எக்செல்லின் தம்பி மாதிரி. வரி வரியாக அடிக்கலாம், அடித்த கணமே கணக்கு மாறும். அந்த நட்புக்குள்தான் ஆபத்து. தொடக்கத் தேதிக் கட்டத்தில் நீங்களாக ஒரு தேதியை அடித்தால், அது சத்தமில்லாமல் "இந்தத் தேதிக்கு முன் தொடங்கக் கூடாது" என்ற கட்டுப்பாட்டைப் போட்டுக்கொள்ளும். ஓரத்தில் ஒரு சிறிய காலண்டர் படம் தெரியும், அவ்வளவுதான். பிறகு முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இது முன்னால் வராது. 2010 பதிப்பிலிருந்து இன்னொரு வழக்கமும் சேர்ந்தது: புதிதாக அடிக்கும் வேலைகள், நாம் மாற்றாவிட்டால், கைமுறை அட்டவணையில் விழும். அப்படி விழுந்த வேலை, முந்தையது தாமதமானாலும் எச்சரிக்கைக் கோடு போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். முன்பு ஒரு துணை ஒப்பந்ததாரரிடமிருந்து எனக்கு வந்த ஃபைலில் முன்னூறு வரிக்கு மேல் இருந்தது. பட்டைகள் படிக்கட்டு போல அழகாக இறங்கின. ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் இணைப்பே இல்லை. எல்லாத் தேதியும் கையால் அடித்தது. கிரிட்டிக்கல் பாத் எங்கே என்று கேட்டபோது, ஐந்தாறு பட்டைகளுக்குச் சிவப்பு அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

பி6 அவ்வளவு நட்பு காட்டாது. எதை மாற்றினாலும் தேதி உடனே நகராது. எஃப்9 அழுத்தி, "எந்தத் தேதி நிலவரப்படி" என்று சொன்னால்தான் கணக்குப் போடும். டேட்டா டேட் என்று சொல்லப்படும் அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நடக்கப்போவது. புதிதாக வருகிறவருக்கு இது எரிச்சல். ஆனால் மாதக் கடைசியில் உட்கார்ந்து "25ஆம் தேதி நிலவரம்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியவருக்கு இந்தக் கறார்தான் தேவை. எம்எஸ்பியிலும் நிலவரத் தேதி உண்டு. அது இருப்பது தெரியாமலே பல வருடம் வேலை பார்க்கலாம். பி6இல் அது முடியாது.

இன்னொன்று சிறிய விஷயம் மாதிரி தோன்றும். எம்எஸ்பியில் இரண்டு வேலைகளுக்கு இடையே ஒரே ஓர் இணைப்புதான் கொடுக்கலாம். பி6இல் ஒன்றுக்கு மேல் கொடுக்கலாம். நீளமான காம்பவுண்டு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டு வேலை தொடங்கி 4 நாளில் பூச்சு தொடங்கலாம். ஆனால் கட்டு வேலை முடிந்து 2 நாளாவது ஆகாமல் பூச்சு முடிய முடியாது. தொடக்கத்துக்கு ஒரு கோடு, முடிவுக்கு ஒரு கோடு வேண்டும். பி6இல் இரண்டையும் அப்படியே போடலாம். எம்எஸ்பியில் நடுவில் ஒரு பொய் வேலையைச் செருகி ஒப்பேற்ற வேண்டும். சாலை, குழாய், தண்டவாளம் என்று நீளவாக்கில் நகரும் எல்லா வேலையும் இந்த வகைதான்.

நாள்காட்டி விஷயத்தில் இரண்டுமே கெட்டி, ஆனால் சொல்லித்தர வேண்டும். முட்டுப் பிரிக்க 14 நாள் என்று மேலே சொன்னேன். இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளும் அதற்கு மேல் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. கொத்தனாருக்கு ஞாயிறு லீவு. கான்கிரீட்டுக்கு லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் அது இறுகிக்கொண்டுதான் இருக்கும். காத்திருப்பையும் கொத்தனார் நாள்காட்டியிலேயே போட்டுவிட்டால் 14 நாள் என்பது 16 அல்லது 17 ஆகிவிடும், இரண்டு மூன்று நாள் சும்மா போகும். எம்எஸ்பியில் காலத்தை "கடந்துபோகும் நாள்" என்று அடிக்க ஒரு வழி உண்டு. பி6இல் அந்த வேலைக்கு மட்டும் ஏழு நாள் வாரம் கொண்ட தனி நாள்காட்டி கொடுக்க வேண்டும். விற்பனைப் பக்கங்களில் இதெல்லாம் "காலண்டர் வசதி: உண்டு" என்ற ஒரு டிக்குக்குள் அடங்கிவிடும்.

பெரிய திட்டத்தில் எம்எஸ்பி தடுமாறுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அடிப்படையில் அது ஒரு ஃபைல். ஒருவர் திறந்து வேலை செய்வார். பி6 ஒரு தரவுத்தளம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அவரவர் பகுதியில் வேலை செய்யலாம், ஒரு திட்டத்தின் வேலையை இன்னொரு திட்டத்தின் வேலையோடு கோக்கலாம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். அந்த அளவு வேலையில் சுரங்கம் தோண்டுகிறவர் ஒருவர், தண்டவாளம் போடுகிறவர் இன்னொருவர், மின்சாரம் கொடுக்கிறவர் வேறொருவர். ஒருவர் ஒப்படைக்கும் நாள்தான் அடுத்தவர் தொடங்கும் நாள். தனித்தனி ஃபைலாக மெயிலில் சுற்றினால், அந்த ஒப்படைப்பு நாள்களில்தான் முதலில் ஓட்டை விழும்.

சாவகாசம் யாருக்குச் சொந்தம்?

நம்மூர்ப் பிள்ளைகள் வளைகுடாவில் பிளானிங் இன்ஜினியராகப் போய்ப் பி6இன் முன் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், அந்த மென்பொருளின் அழகு இல்லை. ஒப்பந்தம். சர்வதேசக் கட்டுமானத்தில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999 சிவப்புப் புத்தகம், வேலை தொடங்கும் அறிவிப்பு கிடைத்த 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் விரிவான கால அட்டவணை தர வேண்டும் என்கிறது. எந்த மென்பொருளில் என்பதைப் பெரும்பாலும் உரிமையாளரின் விவரக்குறிப்பு சொல்லிவிடும். தாமதம் வரும்போது "கூடுதல் காலம் கொடுங்கள்" என்று கேட்பதற்கும், "கிடையாது, அபராதம் கட்டு" என்று சொல்வதற்கும் அந்த அட்டவணைதான் சாட்சி. அப்போது அட்டவணை வேலைத் திட்டமாக மட்டும் இருப்பதில்லை, வழக்கு ஆவணமாகவும் ஆகிறது.

தச்சரின் 13 நாளுக்குத் திரும்புவோம். சைட் பாஷையில் இதன் பெயர் ஃப்ளோட். இந்த 13 ஒரே சரக்கு இல்லை. பூச்சு முடிவதே 35ஆம் நாள் என்பதால், தச்சர் 25இலிருந்து 35 வரை இழுத்தாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த 10 நாள் அவருக்கே உரிய ஃப்ரீ ஃப்ளோட். அடுத்த 3 நாள் அப்படி இல்லை. அது ஜன்னல் மாட்டுகிறவரோடு பங்குபோட்ட 3 நாள். தச்சர் அதையும் தின்றுவிட்டால், மாட்டுகிறவருக்கு மூச்சுவிட நேரமில்லை. அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால்கூட வீடு தள்ளிப்போகும். பழி அவர்மேல் விழும், சாப்பிட்டவர் வேறொருவர்.

இப்போது வீட்டுக்காரர் குறுக்கே வருகிறார். ஜன்னல் டிசைனை மாற்றச் சொல்கிறார், அதில் 9 நாள் போகிறது. தச்சர், "நீங்க மாத்தச் சொன்னீங்க, எனக்கு 9 நாள் கூடக் கொடுங்க" என்கிறார். வீட்டுக்காரர், "உங்களுக்குத்தான் 13 நாள் சும்மா கிடக்கே" என்கிறார். பல கோடி ரூபாய் வழக்குகளின் கரு இவ்வளவுதான். இங்கிலாந்தின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002இல் வெளியிட்டு 2017இல் திருத்திய தாமத நெறிமுறையின் நிலைப்பாடு, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, சாவகாசம் தீர்ந்து முடிவுத் தேதி பாதிக்கப்பட்டால்தான் கூடுதல் காலம் என்பது. முதலில் வந்தவர் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் பட்டா கிடையாது. இந்த விளையாட்டு தெரிந்தவர்கள் கால அளவுகளைக் கொஞ்சம் ஊதி, தேவையில்லாத இணைப்புகளைச் செருகி, ஃப்ளோட்டே இல்லாத மாதிரி அட்டவணை போடுவார்கள். எதிர்த்தரப்பில் அதைக் கண்டுபிடிக்கவென்றே ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார். பி6இன் வரி வரியான கறார் உதவுவது இந்த இடத்தில். ஒரு சின்ன அலுவலகத்தில் நான்கு பேர் டிசைன் வேலை பார்க்கிறார்கள் என்றால் இதில் எதுவுமே தேவையில்லை. அங்கே பி6ஐ வைப்பது, தெருமுனைக் கடைக்குப் போக லாரி எடுப்பது மாதிரி.

பலகைக் குடும்பம்

சாஃப்ட்வேர்காரர்கள் இந்தக் கணக்கை விட்டு விலகிப்போனதற்கு நியாயமான காரணம் உண்டு. தளம் போட என்ன செய்ய வேண்டும் என்று கொத்தனாருக்கு முன்னமே தெரியும். லாகின் பக்கம் எழுதுகிறவருக்கு, பாதி எழுதும்போதுதான் மீதி தெரியவருகிறது. அது முடியும்போது வாடிக்கையாளருக்கு வேறொன்று வேண்டியிருக்கிறது. நாளையே மாறப்போகும் வேலைகளை ஆறு மாதத்துக்குக் கோத்து வைத்தால், கோப்பதே முழுநேர வேலையாகிவிடும். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, திட்டத்தைப் பின்பற்றுவதை விட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது பெரிது என்று சொன்னது இந்த அனுபவத்திலிருந்துதான்.

அடுத்த வருடம் சிட்னியில் அட்லாசியன் நிறுவனம் ஜிராவை வெளியிட்டது. பிறந்தபோது அது திட்ட மென்பொருள் இல்லை, பிழைகளைப் பதிந்து வைக்கும் பதிவேடு. அதற்கு முன் அவர்கள் பயன்படுத்திய பக்ஸில்லா என்ற பிழைப்பதிவு மென்பொருளை காட்ஸில்லா என்று கேலியாக அழைத்து, அதன் ஜப்பானியப் பெயரான கோஜிராவில் முன்னெழுத்தை வெட்டியதில் வந்த பெயர். டொயோட்டா ஆலையின் கான்பான் அட்டைகள் இன்னொரு தாய்வழி: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று பத்தி பிரித்து அட்டையை நகர்த்துவது. 2011இல் வந்த ட்ரெல்லோ இதை மட்டுமே செய்தது. 2017இல் அட்லாசியன் அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது.

பலகை பதில் சொல்லும் கேள்வி, "யார் கையில் என்ன இருக்கிறது, எது நகராமல் கிடக்கிறது?" ஜிராவில் ஒரு டிக்கெட், அதாவது பதிந்து வைத்த ஒரு வேலை, இன்னொன்றைத் தடுக்கிறது என்று குறித்து வைக்கலாம். அது ஒரு குறிப்பு, அவ்வளவே. முதலாவது தாமதமானால் அடுத்ததன் தேதி தானாக ஓடிவிடாது. மேல்நிலைச் சந்தாவில் வரும் திட்டமிடல் பகுதியில் தேதிகளை அடுக்கித்தரும் வசதி உண்டு, ஆனால் நான் பார்த்தவரை அன்றாட ஜிரா அதைத் தொடாமலே நடக்கிறது. தச்சர் 40 நாள் கேட்டால், பலகையில் "கதவு, ஜன்னல்" என்ற அட்டை நடுப்பத்தியில் இன்னும் 15 நாள் உட்கார்ந்திருக்கும். வீட்டைப் பற்றிப் பலகைக்குக் கவலை இல்லை.

அப்படியானால் "எப்போது முடியும்" என்று பலகையிடம் கேட்கவே கூடாதா? கேட்கலாம், கோப்பதை விட்டு எண்ண வேண்டும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் வரிசைகளைப் பற்றிய ஓர் எளிய விதியை நிரூபித்தார். ஃபாண்டல் பெட்டி வரைந்த அதே 1961இல். ஒரு குழுவின் கையில் சராசரியாக 30 வேலை கிடக்கிறது, வாரத்துக்கு 5 முடிகிறது என்றால், உள்ளே போகும் ஒரு வேலை வெளியே வரச் சராசரியாக 6 வாரம் ஆகும். ரேஷன் கடை வரிசை பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. பலகையில் "ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் எடுக்காதே" என்று வரம்பு வைப்பதன் சூட்சுமம் இதுதான்: அதே 5 வேகத்தில், கையில் கிடப்பதை 15 ஆக்கினால் காத்திருப்பு 3 வாரம். ஆளும் கூட்டவில்லை, ஓவர்டைமும் இல்லை. பலகை மென்பொருள் வாங்கிவிட்டு அந்த வரம்பை மட்டும் போடாமல் விடும் குழுக்கள் ஏராளம். அவர்களிடம் இருப்பது கலர் அட்டை ஒட்டிய குறிப்பேடு.

நடுவில் நிற்பவை

இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் பேசுபவை உண்டு: ஸ்மார்ட்ஷீட், அசானா, ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ். பலகையும் இருக்கும், கேன்ட் சார்ட்டும் இருக்கும், முந்தைய வேலை தள்ளிப்போனால் அடுத்ததை நகர்த்தவும் தெரியும். சிலவற்றில் அதற்கு மேல்நிலைச் சந்தா வேண்டும். சென்னையில் உருவான ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் 2006இல் வந்தது, கிரிட்டிக்கல் பாதையும் காட்டும். ஜோஹோ அதோடு நிற்கவில்லை. அஜைல் குழுக்களுக்கென்று ஸ்பிரின்ட்ஸ் என்ற வேறொரு பொருளையும் விற்கிறது. மைக்ரோசாஃப்டும் ப்ராஜெக்டைத் தாண்டி அட்டைப் பலகைக்கு பிளானரைக் கொண்டுவந்தது. எல்லாம் ஒன்றிலேயே முடியும் என்று விளம்பரம் சொன்னாலும், விற்பவர்களே இரண்டு கடை திறந்து வைத்திருக்கிறார்கள்.

காசு கொடுக்க மனமில்லாதவருக்கும் வழியுண்டு. கேன்ட்ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்லிப்ரே இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். இரண்டாவது, எம்எஸ்பி ஃபைலையும் திறக்கும். ஐம்பது அறுபது வரி உள்ள வீட்டு வேலைக்கு இவை தாராளம். ஓபன்ப்ராஜெக்டைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம்.

எக்செல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரையில் உண்மை இருக்காது. எந்த ஒப்பீட்டிலும் இடம்பெறாத, ஆனால் எல்லா அலுவலகத்திலும் ஜெயித்துக்கொண்டிருக்கும் திட்ட மென்பொருள் அதுதான். கட்டங்களுக்கு மஞ்சள், பச்சை அடித்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சித்தாள் வரைக்கும் புரிகிறது. நான் பார்த்த ஒரு சைட்டில் பி6 அட்டவணை மாதம் ஒருமுறை ஆலோசகருக்குப் போகும். வேலை நடந்தது ஃபோர்மேன் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த எக்செல் பிரின்ட்டை வைத்து. இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

டெமோ காட்ட வருகிறவரிடம் என்ன கேட்கலாம்? மேலே சொன்ன எட்டு வரியை அவர் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகாது. 25ஐ 40 ஆக்கச் சொல்லுங்கள். 49 தானாக 51 ஆகிறதா, சிவப்புப் பாதை தச்சர் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு இன்னொன்று கேளுங்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த கிரகப்பிரவேச முகூர்த்தம் 49ஆம் நாள், அதற்குப் பிறகு ஆடி வந்துவிடும், மாற்றவே முடியாது. அதை எப்படிப் போடுவீர்கள்?

பி6இல் திட்டத்தின் கட்டாய முடிவுத் தேதியாகக் கொடுத்தால், கிரிட்டிக்கல் பாதையில் உள்ள வேலைகளுக்கு எதிரே ஃப்ளோட் மைனஸ் 2 என்று வந்து நிற்கும். எம்எஸ்பியில் "அன்றே முடிய வேண்டும்" என்ற கட்டுப்பாட்டைப் பெயின்ட் வேலைக்குக் கொடுத்தால் அது தேதியைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும், ஜன்னல் மாட்டி முடியும் முன்பே பெயின்ட் தொடங்குகிற மாதிரி படம் காட்டும். டெட்லைன் என்ற தனிக் கட்டத்தில் கொடுத்தால் தேதி உண்மையாக நகர்ந்து, ஓரத்தில் சிவப்புக் குறி வரும். இரண்டாவதைத்தான் போட வேண்டும் என்று டெமோ காட்டுபவர் தானாகச் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியும். பலகையில், முகூர்த்த நாள் கடந்த மறுநாள் அட்டை சிவப்பாகும்.

அந்த மைனஸ் 2ஐ நம் ஊரில் எப்படித் தீர்ப்பார்கள் என்பதும் தெரிந்ததுதான். பால் காய்ச்ச வாசல்கதவும், பூஜை அறையும், அடுப்பு வைக்க ஓர் இடமும் இருந்தால் போதும். தச்சரிடம் அந்த ஒரு கதவை மட்டும் முதலில் முடிக்கச் சொல்வார்கள். முகூர்த்தத்தில் பால் பொங்கும், மறுநாள் பெயின்டர் ஏணியோடு திரும்பி வருவார். ஃபிடிக் ஒப்பந்தத்திலும் பணியின் ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டி ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. எந்த மென்பொருளாக இருந்தாலும், "வீடு முடிந்தது" என்ற ஒரு மைல்கல்லை "பால் காய்ச்சியது", "சாவி வாங்கியது" என்று இரண்டாகப் பிரித்துப் போட வேண்டியவர் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்.